வாத்தியார் கூப்பிட வந்தபோது

தம்பி செத்துப்போனதற்கு நாயின் மேல் பழி வந்தபோது அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அழுதிருந்தால் நாலு பேர் வந்து கையைப் பிடித்திருப்பார்கள். கோபப்படுகிறவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

தம்பி வேலை பார்த்த கம்பெனி அப்படி நேராகச் சொல்லிவிடவில்லை. பெரிய இடத்துப் பேச்சு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற பேச்சு. அன்றைய உற்சாகமான சூழ்நிலையில் நாயின் கவனம் சிதறியிருக்கக்கூடும் என்றும், அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். அக்கா அதைத் தன் பாஷையில் சொல்லிப் பார்த்தாள். உன் தம்பி, டப்பா மாதிரிகளை வைக்கிற அறையில் குப்புற விழுந்து கிடந்தான், அவனைக் காப்பாற்ற வேண்டிய நாய் கூடத்தில் மற்ற நாய்களோடு விளையாடிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் விஷயம்.

அக்காவுக்குப் பல் கட்டுகிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் மாவைக் குழைத்து ஊற்றி, ஈறு ஈறாக இழைத்து, செட்டுப் பல் செய்கிறவள். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அவள் ஊர் வாயையெல்லாம் அச்செடுத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த வாரம் அவள் இழைத்த பல்லெல்லாம் கடிக்கிற மாதிரியே இருந்ததாக லேப்காரர் சொன்னார். அவர் வேடிக்கைக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு. மருந்து டப்பாக்களுக்கு அட்டை அச்சடிக்கிற அந்தக் கம்பெனியில், டப்பாவின் பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிற பொடி எழுத்தைப் படித்துப் பிழை திருத்துவது அவன் வேலை. இவன் சாப்பிடுகிற மாத்திரையின் டப்பாவையே இவனிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வார்களாம். "எனக்கு என்னென்ன பக்கவிளைவு வரும்னு டாக்டருக்கு முன்னாடி எனக்குத்தான் தெரியும்" என்பான்.

நாய் வந்த பிறகுதான் அவன் தனியாகப் பஸ் ஏறினான். கறுப்பு நாய், அகலமான நெற்றி, எதையும் லேசில் நம்பாத முகம். பயிற்சிப் பள்ளியில் அதற்கு என்னவோ ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கூட இருந்துவிட்டு அவன் 'வாத்தியார்' என்று மாற்றிவிட்டான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது, தப்புப் பண்ணினால் காலால் தட்டுகிறது, வேறு என்ன பேர் வைப்பது என்று கேட்டான்.

வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவன் உடம்பின் வாடை மாறுமாம். மனிதனுக்குத் தெரியாது, வாத்தியாருக்குத் தெரியும். வந்து முழங்காலில் இடது காலை வைத்து அழுத்தும். அவன் உடனே தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வான். வலிப்பு வரும், போகும், அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பான். அதையும் மீறி எங்காவது சட்டென்று விழுந்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற முதல் ஆளிடம் வாத்தியார் போகும். முழங்காலில் காலை வைக்கும். அவன் கிடக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கும். நாலடி போய், ஆள் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் திரும்ப வரும். குரைக்காது. குரைக்கிற நாயைப் பஸ்ஸிலும் ஆபீஸிலும் விடமாட்டார்கள் என்பதால் குரைக்காமல் இருக்கத்தான் முதலில் பழக்கியிருந்தார்கள்.

முதுகில் சிவப்புச் சட்டை போட்டிருக்கும். 'வேலையில் இருக்கிறேன், தொடாதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கும். சட்டை போட்டிருக்கிற வரை யார் கூப்பிட்டாலும் திரும்பாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால்தான் அது நாய். அதுவரைக்கும் உத்தியோகஸ்தர்.

தெரபி நாய் என்பது வேறு சாதி. கடிக்காத, மிரளாத, யார் தடவினாலும் சலிக்காத நாய். ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆபீஸுக்கும் அழைத்து வருவார்கள். மனசு கனத்துக் கிடக்கிறவர்கள் மடியில் அது தலையை வைக்கும், அவர்களுக்குக் கொஞ்சம் லேசாகும். அதுவும் பெரிய வேலைதான். அதைக் கேலி செய்தால் தம்பிக்குப் பிடிக்காது. "அது ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளை. இது எனக்கு மட்டும் போலீஸ்" என்பான். ஒன்றை எல்லாரும் தொடலாம், தொடத்தான் அது வருகிறது. மற்றதை ஒருவரும் தொடக் கூடாது. தொட்டால் ஓட்டுகிற டிரைவரின் கண்ணைப் பொத்துகிற மாதிரி.

இவ்வளவையும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே அவன் சொல்லியிருந்தான். எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள்.

கம்பெனியில் ஊழியர் நலனுக்கென்று ஒரு மேடம். யாரைப் பார்த்தாலும் "நலமா?" என்றுதான் தொடங்குவார் என்பதால் ஊழியர்கள் வைத்த பேர் 'நலம் மேடம்'. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வேலைப் பளுவில் எல்லாரும் சோர்ந்து கிடக்கிறார்கள் என்று அந்த மேடம்தான் தெரபி நாய்களை ஒரு நாள் மத்தியானத்துக்கு வரவழைத்தார். வந்த நாய்களின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. மஞ்சள் துணி கட்டிய நாயை யார் வேண்டுமானாலும் கொஞ்சலாம் என்று அறிவித்திருந்தார்கள். வாத்தியார் மட்டும் சிவப்புச் சட்டையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தது மேடத்துக்குப் பொறுக்கவில்லை. நம் கம்பெனி நாய் மட்டும் ஒதுங்கி இருக்கலாமா, போட்டோவில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று சொல்லி, சட்டையைக் கழற்றி அதற்கும் ஒரு மஞ்சள் துணி கட்டிவிட்டார்.

தம்பி அன்று மத்தியானம் போன் செய்தான். "அக்கா, இன்னிக்கு வாத்தியாருக்கு லீவு. மஞ்சத் துணி கட்டி மாப்பிள்ளை மாதிரி உக்கார வெச்சிருக்காங்க. மூஞ்சியப் பாக்கணுமே, பொண்ணு பிடிக்கலைங்கற மாதிரி இருக்கு."

சட்டையைத் திரும்ப மாட்டிவிடு என்று அவள் சொன்னாள். மேடம் ஆசையாகக் கேட்டார், முகத்தில் அடித்த மாதிரி எப்படி மறுப்பது, போட்டோ எடுத்ததும் மாட்டிவிடுவேன் என்றான். அதற்குள் அச்சுக்கூடத்திலிருந்து ஏதோ ஒரு பழைய டப்பாவின் மாதிரி உடனே வேண்டும் என்று ஆள் வந்தது. கயிற்றை மேடம் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்தைத் தாண்டி மாதிரி அறைக்குப் போனான். திரும்பவில்லை. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அவனைத் தேடினார்கள்.

முகம் அட்டைக் கட்டு ஒன்றின் மேல் அழுந்தி மூச்சு நின்றிருந்தது. யாராவது புரட்டிப் போட்டிருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துச் சிலபேர் இப்படி நெருப்பை அள்ளி மடியில் கொட்டுவார்கள்.

கம்பெனி சொன்னதை வைத்துப் பயிற்சிப் பள்ளி முடிவெடுத்தது. வாத்தியாரைப் பழக்கிய பயிற்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, சுருக்கமான பேச்சு. வேலை நேரத்தில் கவனம் தவறிய நாயை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்க மாட்டோம், அதை விலக்கிவிட்டோம் என்றார். அக்காவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கம்பெனி கேட்கிறது, ஊழியர்களுக்குத் தெரபி நாயாக அங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள், கொடுத்துவிடலாம்.

"பெயிலான பையனை வேற ஸ்கூல்ல சேக்கற மாதிரியா?" என்று அக்கா கேட்டாள்.

வாத்தியார் அவர் காலடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த உத்தரவுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாயைத் தானே வைத்துக்கொள்வதென்று அன்றே அவள் முடிவு செய்தாள். அவன் போன பிறகு அந்த வீட்டில் அவளைப் போலவே அவனை அறிந்த இன்னொரு உயிர் அதுதான். ஆனால் அந்த 'விலக்கிவிட்டோம்' அவளுக்குச் செரிக்கவில்லை. வாத்தியார் அவனை விட்டு விளையாடப் போயிருக்காது. அவளுக்கு அது தெரியும், அவ்வளவுதான். தெரியும் என்பதைக் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை.

கம்பெனியில் தம்பியின் நினைவாக ஒரு கூட்டம் வைத்தார்கள். வருஷா வருஷம் அவன் பெயரில் 'நாய்த் தோழர் நாள்' கொண்டாடப்போவதாக நலம் மேடம் போனில் சொன்னார். அக்கா வந்து நாயை மேடையில் ஒப்படைத்தால் எல்லார் மனசுக்கும் மருந்தாக இருக்குமாம். தர முடியாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்வதற்காகவே அக்கா போனாள். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய வீட்டுக்காரர் கூடவே வந்தார்.

வீட்டுக்காரர் சண்டை என்றால் குடையை மறந்துவிட்டுக்கூட ஓடிவிடுகிற மனிதர். பஸ்ஸில் மெதுவாக எடுத்துச் சொன்னார். நாய் நம்மிடம் இருக்கிறது, அதுவே போதும். கவனம் தவறவில்லை என்று நீ நிரூபித்தால் என்ன ஆகும்? நல்ல நாய் என்றால் பள்ளிக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார், இதற்காகக் காத்திருக்கிற நோயாளிகள் எத்தனையோ பேர். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிம்மா? நாய் வேணுமா, நாயோட பேர் வேணுமா, ஏதாவது ஒண்ணு சொல்லு."

அவளுக்கு இரண்டும் வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அச்சு மையின் வாடையும் புது அட்டையின் வாடையும் கலந்து வந்தன. அவன் சட்டையில் தினமும் வீட்டுக்கு வந்த அதே வாடை. பயிற்சிக்காரரும் வந்து முன்வரிசையில் இருந்தார். ஓரத்தில் ஒரு தெரபி நாய், மஞ்சள் துணியோடு, அதன் உடையவளான ஒரு டீச்சரோடு. மேடைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஏதோ ஒன்றைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நலம் மேடம் பேசினார். தம்பி எவ்வளவு பொறுமைசாலி, யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் என்றார். 'சொல்லத் தெரிந்திருந்தால் இருந்திருப்பான்' என்று அக்கா நினைத்தாள். அந்த நாள் துயரமானது என்றாலும் அதில் ஓர் அழகான கணம் இருந்தது, அதைத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும் என்று சொல்லி மேடம் துணியை இழுத்தார்.

பெரிய போட்டோ. நாற்காலியில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். ஒரு கையில் பிஸ்கட். அவள் முழங்காலில் இடது காலை வைத்து நிற்கிறது வாத்தியார், கழுத்தில் மஞ்சள் துணி. கீழே, 'அன்பின் கைகுலுக்கல்'.

கூட்டம் கைதட்டியது. வீட்டுக்காரர்கூட வழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அக்கா எழுந்து போட்டோவுக்குப் பக்கத்தில் போனாள். பிஸ்கட்டுக்காகக் கால் கொடுக்கிற நாய் பிஸ்கட்டைப் பார்க்கும், இல்லை ஆளின் முகத்தைப் பார்க்கும். இது இரண்டையும் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே பார்க்கிறது என்று அவளும் கூடத்தின் அந்தப் பக்கம் திரும்பினாள். மாதிரி அறைக்குப் போகிற நடை.

முன்வரிசையைப் பார்த்து, "ஐயா, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள். "நீங்க பழக்கின நாய்தானே. இது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

பயிற்சிக்காரர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மாட்டின கண்ணாடியைக் கழற்றத் தோன்றாமல் நின்றார்.

"கூப்பிடுது" என்றார்.

நலம் மேடம் பக்கத்தில் வந்து, அக்காவின் தோளைத் தொட்டு, இது உணர்ச்சிகரமான நேரம், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் என்று பஞ்சு மாதிரிக் குரலில் சொன்னார். அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டாள். போட்டோவில் இருக்கிற பெண் எங்கே என்று கேட்டாள். நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். போட்டோவில் பார்த்த சிரிப்பு அந்த முகத்தில் எப்போதாவது இருந்ததா என்றே தெரியாத முகம்.

"அது உங்ககிட்ட எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

அந்தப் பெண் நடையைக் காட்டினாள்.

"வந்து?"

"மேடம் கயித்த விட்டதும் அந்த நடைக்குத்தான் போச்சுக்கா. அங்கேருந்து வந்து கால் குடுத்துச்சு. ஷேக்ஹேண்டுன்னு நெனச்சேன். அன்னிக்கு எல்லா நாயும் குடுத்துச்சு. பிஸ்கட் போட்டேன், சாப்பிடல. வாயில வாங்கிக் கீழ போட்டுட்டு அந்தப் பக்கம் போச்சு. திரும்ப வந்துச்சு. திரும்பத் திரும்ப வந்துச்சு." அவள் சேலை முனையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "விளையாடக் கூப்பிடுதுன்னு எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் தொந்தரவு பண்ணுதுன்னு மேடம் ஜன்னல் கம்பியில கட்டச் சொன்னாங்க. நான்தான் கட்டினேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேன். விசாரணையில சொன்னேன். அதெல்லாம் தேவையில்லாத விவரம், குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்கும்னாங்க."

அக்கா மேடத்தின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் பல்லைக் கடித்துக் கடித்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் துக்கத்தில் பேசுகிறாள் என்று தள்ளியிருப்பார்கள்.

"எங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைச்சீங்களா? அது வேலையத்தான் செஞ்சுது. சட்டையக் கழட்டினது நீங்க. துணியக் கட்டினது நீங்க. கூப்பிட வந்தத ஜன்னல்ல கட்டினது நீங்க. கடைசியில வாயில்லாத ஜீவன் மேல பழியப் போட்டுட்டு, அது கூப்பிட்ட அந்த நிமிஷத்தப் படமா மாட்டி வெச்சிருக்கீங்க. அவன் அங்க மூச்சுக்குத் தவிக்கறான், இங்க கைதட்டறீங்க."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்றார். அது உண்மை. அக்காவின் கோபத்தை அந்த உண்மை இன்னும் கிளறியது.

அப்போது டீச்சரின் தெரபி நாய், கயிற்றை இழுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அக்காவிடம் வந்தது. கூடத்தில் யாருக்கு ரொம்பத் தேவை என்று அதற்குத் தெரிந்திருந்தது. தலையை அவள் இடுப்பில் சாய்த்து நின்றது. அவள் கை தன்னையறியாமல் அதன் காதுக்குப் பின்னால் போயிற்று.

"இது மேல எனக்குக் கோபம் இல்ல டீச்சர்" என்றாள். "இதுவும் தன் வேலையத்தான் செய்யுது. கூட்டிட்டுப் போங்க. எனக்கு இப்ப ஆறக்கூடாது."

பயிற்சிக்காரர் மேடத்திடம் மைக்கை நீட்டி, நாய் தன் வேலையைச் செய்தது என்பதை எல்லார் முன்னாலும் இப்போதே சொல்லச் சொன்னார். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் மேடம். கணக்குப் பிரிவுப் பெண் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்து அந்த மைக்கை வாங்கினாள். "வாத்தியார் கூப்பிட வந்துச்சு. நாங்க யாரும் போகல" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி மேசையில் வைத்தது அக்காதான்.

வெளியே வாசலில் பயிற்சிக்காரர் தயங்கி நின்றார். நேரில் வந்து விசாரிக்காமல் முடிவெடுத்தது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். விலக்கியதை ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, வலிப்பு உள்ள ஒரு பெண் பிள்ளை இதைப் போல ஒரு நாய்க்காகக் காத்திருக்கிறாள் என்றார். நீங்கள் சரி என்றால்தான், இன்றைக்கே என்றுகூட இல்லை என்றார்.

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

வாத்தியார் அவள் காலடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் சட்டையில்லாமல், வேலையில்லாமல், வீட்டுக்குள் அறை அறையாகப் போய் வாடை பிடித்துவிட்டு வருகிற நாய். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிற நாய். அதைக் கொடுத்துவிட்டால் வீட்டில் அவன் உடுப்பும் செருப்பும்தான் மீதி. கொடுக்காமல் இருந்தால் யாரும் அவளை ஒன்றும் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்தப் பெண் எங்கோ ஒரு வீட்டில் பஸ் ஏறப் பயந்து உட்கார்ந்திருப்பாள். வேலை தெரிந்த ஒன்றைக் கட்டிப் போட்டு வைத்தவர்களை இப்போதுதான் அக்கா அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நாளைக்குன்னா குடுக்கமாட்டேன்."

பயிற்சிக்காரர் வண்டியிலிருந்து ஒரு சிவப்புச் சட்டையை எடுத்து வந்தார். வாரை இழுத்து மாட்டியதும் வாத்தியாரின் முதுகு நிமிர்ந்தது, காது விறைத்தது, முகம் மாறிவிட்டது. அவள் கடைசியாக ஒருமுறை தடவக் கையை நீட்டினாள். சட்டையில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள்.

அது வண்டியில் ஏறி, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தது. அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

வண்டி போன பிறகு வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேரக் காப்பாத்திட்ட. இனிமேலாவது கோபத்த விடேன்மா."

"அவனும் போயாச்சு, வாத்தியாரும் போயாச்சு. கோபமாவது எங்கூட வரட்டும்" என்றாள் அக்கா.

பஸ் வந்தது. வெறுங்கையோடு ஏறினாள்.